ஸ்பானியச் சாதிக் குதிரை

குதிரைக்குச் சுழி பார்த்து விலை பேசும் வழக்கம் தமிழரிடையே நெடுங்காலம் இருந்து வந்தது. இன்ன இடத்திலே சுழி அமைந்தால் உடையவனுக்கு ஆக்கம், இன்ன இடத்திலே அமைந்தால் கேடு என்று சொல்லி, நல்ல குதிரையைக் கைவிட்டவரும் உண்டு. நொண்டியை வாங்கிக் கட்டியவரும் உண்டு. ஸ்பெயின் நாட்டினரும் இவ்வகையிலே பிறருக்கு இளைத்தவரல்லர். அந்நாட்டின் தென்பகுதியாகிய அந்தலூசியாவிலே குதிரை வளர்த்தோர் சிலர், ஒரு குதிரை உயர்ந்த வழியில் வந்ததுதானா என அறிய இரண்டு அடையாளங்களைத் தேடினர். ஒன்று, வாலின் அடியிலே மருவைப் போன்ற சிறு கட்டிகள். மற்றது, நெற்றியிலே கொம்பு முளைப்பது போன்ற இரு புடைப்புகள். இவை இல்லாத குதிரை, எஸ்க்லாவோ என்னும் புகழ்பெற்ற பொலிகுதிரையின் வழித்தோன்றல் ஆகாது என்பது அவர்தம் துணிபு. எஸ்க்லாவோ என்பதற்கு அடிமை என்பது பொருள். ஆயினும், அவ்வடிமையின் வழிவந்தவை அரசர்க்கும் கிடைத்தற்கரியனவாய் மதிக்கப்பட்டன.

அந்தலூசியக் குதிரை என்று உலகம் வழங்கும் இச்சாதிக்கு ஸ்பானியர் இட்ட பெயர் பூரா ராஸா எஸ்பஞோலா என்பதாகும். தூய ஸ்பானியச் சாதி என்பது அதன் பொருள். அத்தூய்மை யாது, அது குதிரையின் எப்பகுதியில் உறைகின்றது என்னும் வினாவுக்கு விடை காண்பது, தோன்றுமளவு எளிதன்று.

ஐபீரியத் தீபகற்பத்திலே குதிரைகள் மிகப் பழைய காலந்தொட்டே உண்டு. கி. பி. 711 இல் வட ஆபிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் படைகள் தம்முடன் பார்ப் என்னும் சாதிக் குதிரைகளைக் கொணர்ந்தன. இவ்விரு குருதியும் எந்த அளவிற் கலந்தன என்பது அறிஞரிடையே இன்றும் வழக்காகவே இருக்கின்றது. இன்று காணும் வடிவம் ஓர் அரசனின் விருப்பத்தோடு தொடர்புடையது. இரண்டாம் பிலிப்பு மன்னன் 1567 இல் கோர்தோபா நகரிலே அரச இலாயங்களை நிறுவி, சிறந்த பெட்டைகளையும் பொலிகுதிரைகளையும் ஓரிடத்திலே திரட்டினான். தன் மனத்தில் இருந்த குதிரையை அவன் உண்டாக்க முயன்றான் என்பதே பொருத்தம். தூய சாதி எனப்படுவது, இவ்வாறு தேர்ந்து சேர்த்தலினாலே பிறந்த ஒன்றேயாம்.

அவ்வரசன் விரும்பிய குதிரை எத்தகையது? அது உயரத்தாற் பெரியதன்று. தோள்மேட்டின் உயரம் ஏறத்தாழ 155 சென்ரிமீற்றர்; பொலிகுதிரையின் நிறை ஏறத்தாழ 500 கிலோகிராம். முகம் நேராகவோ சற்றே வளைந்தோ இருக்கும். அரபுக் குதிரையினது போன்ற குழிந்த முகம் இதற்குக் குற்றமாகும். கழுத்து தடித்து, வில்லென வளைந்து, அடர்ந்து நீண்ட பிடரிமயிரைத் தாங்கி நிற்கும். மார்பு அகன்றது, முதுகு குறுகியது, பின்புறம் உருண்டு சரிந்து, வால் தாழ்வாக அமைந்திருக்கும். ஓட்டப்பந்தயக் குதிரையைக் கண்டு பழகிய கண்ணுக்கு இவ்வுடல் சற்றுப் பருத்ததாகவே தோன்றும். ஆனால், இக்குதிரை ஓடும்போதன்று, ஓடாதிருக்கும்போதே தன் ஆற்றலைக் காட்டுவது. குறுகிய முதுகும் சரிந்த பின்புறமும் வாய்த்தமையால், பின்கால்களை வயிற்றின் கீழே நன்கு செலுத்தி, உடற்பாரம் முழுவதையும் அவற்றின்மேல் ஏற்றி, முன்புறத்தை இலேசாக்கிக் கொள்ள இதனால் இயலும். அந்நிலையிலே, நின்ற இடத்தைவிட்டு நீங்காமலே தாளத்திற்குக் கால் மாற்றுவதுபோலத் துள்ளோட்டம் செய்யும். ஒரு குளம்பின்மேற் சுழன்று திரும்பும். ஏறியிருப்பவன் நினைத்த கணத்திலே முன்னே பாயும்.

இவை அழகுக்காக மட்டும் வேண்டப்பட்டவையல்ல. வாளேந்தி நெருக்கத்திற் போரிடும் வீரனுக்கும், காளைகளை மேய்க்கும் இடையனுக்கும், காற்றாய்ப் பறக்கும் குதிரையைவிட நொடியிலே நின்று திரும்பும் குதிரையே உயிர்காப்பு. ஒரு கையிலே கடிவாளமும் மறுகையிலே கருவியுமாக இருப்பவனுக்கு முரட்டுக் குதிரை ஆகாது. ஆகவே, சாந்தமும், விரைவிற் கற்கும் இயல்பும், மனிதனை நாடும் இயல்பும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. இச்சாதியின் குணங்களுள் முதலிடம் பெற வேண்டியது இதுவே எனலாம்.

பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளிலே ஐரோப்பிய அரசவைகள் இக்குதிரைக்காகப் போட்டியிட்டன. ஓவியர் வெலாஸ்கெஸ் தீட்டிய நான்காம் பிலிப்பு மன்னனின் குதிரைமேற் படத்தை மட்ரிட் நகரின் பிராடோ அரும்பொருட்சாலையில் இன்றும் காணலாம். வியன்னாவின் புகழ்பெற்ற குதிரையேற்றப் பள்ளி, ஒஸ்திரியாவில் இருந்தும் ஸ்பானியப் பள்ளி எனப்படுவது, அங்கே முதலில் ஸ்பானியக் குதிரைகள் பழக்கப்பட்டமையாலேயே. அங்கு ஆடும் வெண்ணிற லிப்பிசானர் குதிரைகளுக்கும் ஸ்பானியக் குதிரை முன்னோராகும்.

பின்னர் காலம் மாறியது. வேட்டையும் பந்தயமும் நாகரிகமாயின. நீண்ட காலும் நீண்ட மூச்சும் உடைய ஆங்கிலப் பந்தயக் குதிரை முன்னின்றது. நெப்போலியனது படைகள் 1808 இல் ஸ்பெயினுட் புகுந்து, நல்ல குதிரைகள் பலவற்றைக் கவர்ந்து சென்றன. 1832 இல் வந்த கொள்ளைநோய் எஞ்சியவற்றையும் வாட்டியது. ஹெரெஸ் நகரை அடுத்த கார்த்தூசியத் துறவிகளின் மடத்துக் குதிரைகள் இக்காலத்தைத் தாண்டி வந்தன என்பது மரபு. நேப்பிள்ஸ் நாட்டுப் பருத்த குதிரைகளோடு கலக்குமாறு வந்த அரச கட்டளைக்கும் அத்துறவிகள் பணியவில்லை என்பர். இக்கதையிலே பக்தி எவ்வளவு, வரலாறு எவ்வளவு எனப் பிரித்தறிதல் கடினம். துறவிமடங்கள் மூடப்பட்ட பின்னர் தனியார் குடும்பங்களே அக்குதிரைகளைப் பேணின. இன்று வம்சாவளி ஆராய்ந்தோர், கார்த்தூசிய வழியின் குருதி ஏனைய ஸ்பானியக் குதிரைகளிடையேயும் வெகுவாகப் பரந்துள்ளமையைக் கண்டுள்ளனர். ஆதலின், கார்த்தூசியம் என்று சொல்லிப் பன்மடங்கு விலை கேட்போரிடம் வாங்குபவர் சற்று நிதானித்தல் தகும்.

1912 இல் ஸ்பானியப் படையினரின் பொறுப்பிலே சாதிப் பதிவேடு தொடங்கப்பட்டது. 2007 முதல் அதனை வளர்ப்போர் சங்கம் பேணி வருகின்றது. பதிவேடு நன்மை பல செய்தது; அநீதியும் செய்தது. செம்பழுப்பு நிறக் குதிரைகள் தூயவையல்ல என்று அவற்றுக்கு நெடுங்காலம் இடம் மறுக்கப்பட்டது. இந்நிறமோ, தாய் தந்தை இருவரிடத்தும் மறைந்திருந்து, இருவரும் அதனை வழங்கியபோது மட்டும் வெளிப்படும் தன்மையது. கபில நிறப் பெற்றோருக்கும் வெண்ணிறப் பெற்றோருக்கும் இக்குட்டி பிறக்கலாம். தாயும் பதிவேட்டில் உண்டு, தந்தையும் உண்டு, அவற்றின் குட்டி மாத்திரம் அயலானாயிற்று! 2002 இலேதான் அத்தடை நீங்கியது.

ஒதுக்கப்பட்டது செந்நிறம் என்றால், போற்றப்பட்டது வெண்ணிறம். இச்சாதியில் நூற்றுக்கு எண்பதளவு வெண்ணிறமாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். இவை பிறக்கும்போது கரியனவாகவோ கபிலமாகவோ பிறந்து, ஆண்டுதோறும் நரைத்து வெளுப்பவை. நரைக்குதிரை என்னும் தமிழ்ச்சொல் இதற்கு மிகப் பொருந்தும். சுவீடன் நாட்டின் உப்சாலாப் பல்கலைக்கழக அறிஞரும் அவருடன் இணைந்தோரும் 2008 இல் இந்நரைக்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டறிந்து வெளியிட்டனர். பல சாதிகளிலும் உள்ள நரைக்குதிரைகள் யாவும் இம்மாற்றத்தை ஒரே மூதாதையிடமிருந்து பெற்றவை என்பது அவர்தம் முடிபு. ஆகவே, அரபு வெண்குதிரையும் லிப்பிசானரும் ஸ்பானிய வெண்குதிரையும் இந்த ஒன்றிலே உறவினராவர். வெண்மை எந்தச் சாதிக்கும் தனியுரிமையன்று.

அம்மாற்றமே மற்றொன்றையும் கொண்டு வருகின்றது. பதினைந்து வயதைக் கடந்த நரைக்குதிரைகளுள் நூற்றுக்கு எழுபது முதல் எண்பது வரை மெலனோமா என்னும் கருங்கட்டிகளுக்கு ஆளாகின்றன. அவை பெரும்பாலும் மெல்ல வளர்பவை; சில புற்றுநோயாய் உள்ளே பரவிக் கொல்பவை. அவை மிகுதியாகத் தோன்றும் இடம் வாலின் அடிப்புறமாகும். எஸ்க்லாவோ கருஞ்சாம்பல் நிறத்தது என்றே சொல்லப்படுகின்றது. ஆகவே, அதன் மக்கள் வாலடியிலே தாங்கிய மருக்களை இன்றைய மிருக வைத்தியர் ஒருவர் கண்டால், குலப்பெருமையை எண்ணாமல் மெலனோமாவையே முதலில் ஐயுறுவார். உயர்குலத்தின் முத்திரை என வளர்ப்போர் மகிழ்ந்து தடவிப் பார்த்தது, பெரும்பாலும் ஒரு நோயையே எனக் கருத இடமுண்டு.

இன்று ஒரு குட்டியின் பெற்றோர் யாவர் என்பதை மரபணுச் சோதனை காட்டிவிடும். ஆயினும், பிறப்பு மட்டும் போதுமானதன்று. வளர்ந்த குதிரை இனவிருத்திக்கு ஏற்றதா என்பதைத் தேர்வாளர் நேரிற் கண்டே முடிவு செய்வர். உயரம் அளக்கப்படும், உடலமைப்பு நோக்கப்படும், நடையும் துள்ளோட்டமும் பாய்ச்சலும் காணப்படும். முன்கால்களைத் துடுப்புப் போலப் பக்கவாட்டில் வீசி நடப்பது முற்காலத்திலே பகட்டென இரசிக்கப்பட்டது. இப்பொழுது அது குறையாகவே கணிக்கப்படும். கால் உயர எழுந்தால் மட்டும் போதாது, முன்னோக்கியும் செல்லவேண்டும் என்பதே இன்றைய நோக்கு.

இந்நோக்கின் பயனை விளையாட்டரங்குகளிலே காணலாம். பதக்கங்களை வடஐரோப்பியப் பெருங்குதிரைகளே வாரிச் செல்லும் குதிரைப் பயிற்சிப் போட்டியிலே, 1996 இல் அற்லாண்டா ஒலிம்பிக்கில் எவெந்தோ என்னும் ஸ்பானியக் குதிரை இடம்பெற்றது. 2004 இல் ஏதென்ஸ் நகரிலே வெள்ளிப் பதக்கம் வென்ற ஸ்பானிய அணியில் இன்வாசோர் என்னும் குதிரை ஆடியது. ஹெரெஸ் நகரில் 1973 இல் தொடங்கப்பெற்ற அந்தலூசியக் குதிரையேற்றப் பள்ளியோடு இணைந்த வீரர்களே அவ்விரண்டையும் செலுத்தியோர். அப்பள்ளியின் அரங்கிலே இக்குதிரைகள் இசைக்கேற்ப ஆடுவதை இன்றும் பொதுமக்கள் சென்று காணலாம்.