தோளும் தொட்டிலும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய பேச்சு)



மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கு வந்தால் மாதோட்டம். அங்கே பாலாவிக் கரையில் திருக்கேதீச்சரம். இந்தத் தலத்துக்குத் தேவாரப் பதிகங்கள் இரண்டு உண்டு. ஒன்று சம்பந்தருடையது, மற்றது சுந்தரருடையது. இருவரும் கடல் கடந்து இங்கே வரவில்லை. அக்கரையில் இராமேச்சரத்தில் நின்றபடியே கேதீச்சரத்தை நினைந்து பாடினார்கள் என்பது பெரியபுராணம் தரும் செய்தி.

நான் சங்கீதம் சொல்லிக்கொடுப்பவள். இந்தப் பதிகங்களை எத்தனையோ தடவை பாடியும் பாடுவித்தும் இருக்கிறேன். ஆனால், நானும் ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகுதான், இந்த இரு பாடகர்களின் கதையிலும் பிள்ளை வளர்ப்பு இருப்பது கண்ணிற்பட்டது.

சம்பந்தர் முதற் பதிகம் பாடியபோது வயது மூன்று. திருக்கோலக்காவிலே பொற்றாளம் பெற்றதை எல்லோரும் சொல்லுவோம். அந்தச் சின்னப் பிள்ளை ஊர் ஊராக எப்படிப் போயிற்று என்று கேட்பதில்லை. தகப்பனார் சிவபாதவிருதயர் தோளிலே சுமந்து போனார். திருவரத்துறைக்குப் போகும் வழியில்தான் பிள்ளை தோளில் ஏறாமல் நடக்கிறது. கால் நோகிறது. அதன் பிறகே முத்துச்சிவிகை வருகிறது. சிவிகைக்கு முந்திய வாகனம் தகப்பனின் தோள்தான்.

சுந்தரர் கதை வேறு. திருநாட்டியத்தான்குடியிலே கோட்புலி நாயனார் தம் பெண்கள் சிங்கடியையும் வனப்பகையையும் அடிமைகளாக ஏற்கும்படி கொடுக்கிறார். சுந்தரரோ அவர்களை மக்களாக ஏற்று, மடியில் இருத்தி, உச்சி மோந்து கொள்கிறார். பின்னர் தம் பதிகங்களிலே சிங்கடிக்கு அப்பன் என்றும், வனப்பகைக்கு அப்பன் என்றும் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். பெறாத பெண்களின் பெயரைத் தன் பாட்டிலே முத்திரையாக வைத்த தகப்பன் அவர். ஆனாலும் அவர் தலம் தலமாகப் போய்க்கொண்டிருந்தவர். அந்தப் பெண்களுக்கு நாள்தோறும் சோறு போட்டது வேறு கையாகத்தான் இருந்திருக்கும்.

பாடுகிறவள் தாயானால் அந்த வேறு கை எங்கேயிருந்து வரும்?

நம் காலத்துக்கு வருவோம். எம். எஸ். சுப்புலட்சுமி 1940ஆம் ஆண்டு சதாசிவத்தை மணந்தபோது, அவருடைய முதல் மனைவியின் பெண்கள் ராதாவும் விஜயாவும் அந்த வீட்டில் இருந்தார்கள். ராதா வளர்ந்து எம். எஸ்ஸுடன் மேடையில் அமர்ந்து பாடினார். 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் நடந்த கச்சேரியிலும் கூடப் பாடியவர் அவரே. தாயின் பாட்டுக்குள்ளேயே பிள்ளைக்கும் இடம் கிடைத்தது. கச்சேரிக் காரியங்களைச் சதாசிவம் தம் தலையிலே போட்டுக்கொண்டதையும் சேர்த்துத்தான் நாம் இதைப் பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. எம். எல். வசந்தகுமாரிக்கு 1953இல் மகள் ஸ்ரீவித்யா பிறந்தார். கணவர் நோயுற்றுத் தொழிலை விட நேர்ந்ததால், குடும்பப் பாரம் பாட்டின் மேல் விழுந்தது. தாய்க்குத் தனக்குப் பாலூட்டவும் நேரமில்லாமற் போனதாக மகளே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1977இல் வசந்தகுமாரிக்குச் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. விருதைப் பற்றிப் பேசும்போது அந்தப் பாலைப் பற்றியும் பேசுவதுதான் நியாயம். அவர் பாடாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

என் அனுபவம் சிறியது. என் மகளுக்கு மூன்று வயதில், விடியற்புறம் நான் சாதகம் செய்யத் தொடங்கினால் எழுந்து வந்து உள்ளங்கையால் என் வாயைப் பொத்துவாள். “பாட வேண்டாம் அம்மா” என்பாள். பாடும்போது நான் அவளுடையவள் அல்ல என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சுருதிப் பெட்டியை மூடி வைத்தேன். ஒரு வருஷம் பாடவில்லை. ஒருவரும் ஏன் என்று கேட்கவுமில்லை. பிள்ளை பெற்றவள் பாட்டை நிறுத்துவது எங்கள் ஊரில் அதிசயமா என்ன?

ஒருநாள் விடியற்காலை மாமி பிள்ளையைத் தூக்கித் தோளிலே போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனா. போகும்போது, “நீ பாடு பிள்ளை. பாட்டு முடிய நான் கொண்டு வாறன்” என்று மட்டும் சொன்னா. மாமிக்கு ராகம், தாளம் ஒன்றும் தெரியாது. எனக்குக் குரல் திரும்பி வந்தது அன்றைக்குத்தான். சில மாதங்களின் பின், கிணற்றடியில் நின்றபடியே மகள் நான் பாடிய சரளி வரிசையைத் திருப்பிச் சொல்வது கேட்டது.

என்னிடம் படித்த நல்ல குரல்கள் பல, கலியாணத்தோடும் முதற் பிள்ளையோடும் நின்றுவிட்டன. அவர்களுக்கு ஆசை குறைந்துவிடவில்லை. பிள்ளையை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அரங்கேற்றத்துக்குப் பொன்னாடை கொண்டுபோக எங்களில் பலர் இருக்கிறோம். பத்து வருஷம் கழித்து அந்த வீட்டு வாசலில் நின்று, “பிள்ளையை இங்கே தாங்கோ, நீங்கள் போய்ப் பாடுங்கோ” என்று சொல்ல எத்தனை பேர் இருக்கிறோம்?