விட்ட பிறகு வரும் வாட்டம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேச அழைத்ததும், பராமரிப்புக் கட்டண பாக்கியைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று சிலர் பயந்திருப்பீர்கள். அது அடுத்த கூட்டத்தில். இன்று வேறு விஷயம்.

இரண்டு மாதம் முன்பு ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் தம்பி ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். நம் குடியிருப்புப் பிள்ளைதான். எந்த வீடு என்று யாரும் ஆராய வேண்டாம். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். கல்லூரி விடுதியில் பழகிய வேப்பை, அதாவது இ-சிகரெட்டை, விட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. "அங்கிள், இழுக்கணும்னு தோணுறதைக்கூடத் தாங்கிக்கிறேன். ஆனா எதுலயும் மனசு ஒட்டல. தூக்கம் இல்ல. கிரிக்கெட் பார்த்தாக்கூடப் பிடிக்கல. இனிமே நான் இப்படித்தானா?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்குப் பழையது. வங்கியில் கேஷ் கவுண்டரில் இருந்தபோது நாளுக்குப் பத்து சிகரெட் பிடித்தவன் நான். ஒரு தடவை வீம்பாக விட்டேன். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் கணக்கு டேலி ஆகவில்லை. நூற்றுச் சொச்சம் ரூபாய் குறைந்தது, கையிலிருந்து போட்டேன். அதற்குப் போய்க் கண் கலங்கிவிட்டது. சிகரெட் இல்லாமல் நான் இவ்வளவுதான் என்று முடிவு கட்டி, நேராகப் பெட்டிக்கடைக்குப் போனேன். மறுபடி விட ஆறு வருடம் ஆயிற்று.

அந்த வாட்டம் என் சுபாவம் இல்லை, நாலு வாரத்தில் வடிகிற விஷயம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்த ஆறு வருடம் மிஞ்சியிருக்கும். இதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

நிகோடின் மூளைக்குச் சில நொடிகளில் போய்ச் சேர்ந்து, சந்தோஷம் தரும் டோபமைனைத் தூண்டுகிறது. தினமும் அப்படித் தூண்டினால் மூளை அதையே எதிர்பார்த்துப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தும்போது எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் வரும். முதல் நாளே தொடங்கும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். புகையை விட்டுச் சில மாதம் தாண்டியவர்களின் மனநிலை, தொடர்ந்து பிடிக்கிறவர்களைவிட நன்றாக இருப்பதாகவே ஆய்வுகள் சொல்கின்றன.

வேப்பில் ஒரு கூடுதல் சிக்கல். சிகரெட் ஒன்று எரிந்து முடிந்துவிடும். வேப்புக்கு முடிவு கிடையாது. படுக்கையிலும் குளியலறையிலும் இழுத்துக்கொண்டே இருக்கலாம். அதனால் வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் அதன் ஞாபகம் வரும். முதலில் கருவியையும் சார்ஜரையும் வீட்டை விட்டு அகற்றுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்; உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, தீப்பிடிக்கும். மின்கழிவோடு கொடுங்கள்.

ஆசை கிளம்பினால் அது சில நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் இருந்த இடத்திலேயே இருக்காதீர்கள். படியில் இறங்கி வளாகத்தை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், தண்ணீர் குடியுங்கள், ஒரு கிராம்பை வாயில் போடுங்கள். 'ஒரே ஒரு இழுப்பு' என்று மட்டும் இறங்காதீர்கள்.

பீடி, சிகரெட்டை விடுகிறவர்கள் காபியையும் பாதியாக்குங்கள். புகை இருந்தவரை காபியின் கஃபீனை உடம்பு வேகமாக வெளியேற்றும். விட்ட பிறகு அதே காபி அதிக நேரம் உடம்பில் தங்கிப் படபடப்பைக் கொடுக்கும், தூக்கத்தைக் கெடுக்கும்.

தாங்க முடியாதவர்களுக்கு நிகோடின் சூயிங்கம் இருக்கிறது. டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. நாக்கில் சுருக்கென்று பட்டதும் கன்னத்தோரம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356. தமிழிலும் பேசுவார்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. வேப்பில் இழுக்கிற பிள்ளைகள் கண்ணில் அது படுவதில்லை. காரணம், அந்தப் பொருளே இங்கே விற்கக் கூடாதது. தமிழ்நாட்டில் 2018-லும், நாடு முழுவதும் 2019-லும் தடை வந்துவிட்டது. அந்தச் சட்டம் குறிவைப்பது தயாரிப்பவரையும் விற்பவரையும் இருப்பு வைப்பவரையும். பழகிவிட்ட பிள்ளை டாக்டரிடம் உண்மையைச் சொல்லப் பயப்பட வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "அதான் விட்டுட்டியே, அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்காதீர்கள். அந்த நாலு வாரம் அவர்கள் எரிந்து விழுந்தால் கொஞ்சம் பொறுத்துப் போங்கள். தடுக்கி விழுந்து ஒரு நாள் இழுத்துவிட்டாலும், மறுநாளே திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்கள். என்னைப் போல் ஆறு வருடம் தள்ளிப்போட விடாதீர்கள்.

நாலு வாரம் தாண்டியும் வாட்டம் குறையவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இரவு பகல் எந்த நேரத்திலும் கூப்பிடலாம், காசு கிடையாது.

அந்தத் தம்பியும் நானும் மறுநாளிலிருந்து விடிகாலையில் செஞ்சி சாலைப் பக்கம் நடந்தோம். முதல் வாரம் அவர் வாயே திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள், நான் கேட்காமலேயே முந்தின நாள் மேட்ச் ஸ்கோரைச் சொன்னார். அடுத்த பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய், கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரையும் இருவரும் நடந்து முடித்தோம். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

காலை ஐந்தரைக்கு வாட்ச்மேன் அறை அருகில் நிற்போம். யார் வேண்டுமானாலும் வரலாம். ஏன் வந்தீர்கள் என்று கேட்க மாட்டோம்.