சர்க்கார் கம்ப்யூட்டருக்கு எஜமானன் யார்?

(அய்ரோப்பிய சர்க்கார்கள் கைக்கொண்டுவரும் திறந்த மூல முறையைப் பற்றி ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேசப்போவது கம்ப்யூட்டரைப் பற்றி என்று விளம்பரத்தில் கண்டவுடன், "இது ஆபீசு உத்தியோகஸ்தர் சங்கதி, நமக்கென்ன?" என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். அப்படியல்ல. ஒரு சர்க்கார் ஜனங்களிடம் வரி வாங்கி, அந்தப் பணத்தைக் கொடுத்து வாங்கிய சாமானுக்குத் தானே எஜமானனா அல்லது விற்றவன் எஜமானனா என்பதே இன்றையக் கேள்வி. வரி கொடுக்கிறவன் எவனும் கேட்க வேண்டிய கேள்விதான் இது.

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அடியில் ஒரு இயங்குதளம் உண்டு. நாம் தட்டும் எழுத்தைத் திரையில் காட்டுவதும், காகிதத்தில் அச்சிட ஏற்பாடு செய்வதும், பைல்களை ஒழுங்காக வைத்துக் கேட்டபோது எடுத்துக் கொடுப்பதும் அதன் வேலை. மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ் என்பது இப்படிப்பட்டதுதான். இதை "வாங்கினோம்" என்று சொல்லுகிறோமே ஒழிய, உண்மையில் யாரும் வாங்குவதில்லை. உபயோகிக்க அனுமதி மாத்திரம் பெறுகிறோம். உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கவோ, திருத்தவோ, பக்கத்து ஆபீசுக்கு ஒரு பிரதி கொடுக்கவோ நமக்கு உரிமையில்லை. இது எப்படியிருக்கிறதென்றால், சொந்தப் பணத்தில் கிணறு வெட்டிக்கொண்டவன், இறைக்கிற கயிற்றை மட்டும் வருஷா வருஷம் ஒருவனிடமே வாடகைக்கு வாங்குவது போலிருக்கிறது. கயிற்றுக்காரன் "இந்தக் கயிறு இந்த மாதத்தோடு சரி, இனிப் புதுக்கயிறுதான்" என்றால், கிணற்றுக்காரன் வாயைத் திறக்க முடியுமா?

இது கற்பனையல்ல. 2014 ஏப்ரல் 8-ந் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பி என்பதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதை அக்கம்பெனி நிறுத்திற்று. பிரிட்டிஷ் சர்க்கார் ஆபீசுகளில் அப்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது. என்ன செய்தார்கள்? இன்னும் ஒரு வருஷத்துக்குத் திருத்தம் கொடுப்பதற்காகச் சுமார் 55 லட்சம் பவுன் கொடுத்தார்கள். புதிதாக ஒரு சாமானும் வரவில்லை. பழையதை வைத்துக்கொண்டிருக்கக் கொடுத்த கூலி அது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் இதே கதி வந்தது.

நிற்க, இதற்கு மாறான முறை ஒன்று உண்டு. 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், எவரும் பார்க்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் கூடியதாக ஒரு இயங்குதளம் செய்வதென்று புறப்பட்டார். 1991-ல் பின்லாந்தில், ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்பதை எழுதி வெளியிட்டார். இவை சேர்ந்து உண்டானவைதான் இன்று லினக்ஸ் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை. இதை "இலவசம்" என்று சிலர் கேலி செய்கிறார்கள். இங்கிலீஷில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் இருப்பதால் வந்த குழப்பம் இது. தமிழில் இரண்டு சொல் இருக்கும்போது நமக்கு அந்தக் குழப்பம் எதற்கு? மாற்றுவதற்கும், பழக்குவதற்கும், பராமரிப்பதற்கும் பணம் செலவாகத்தான் செய்யும். ஆனால் அந்தப் பணத்தை எவரிடம் கொடுப்பது என்று தீர்மானிக்கிற உரிமை நம்மிடம் இருக்கும்.

இதைப் பெரிய அளவில் பரீட்சித்துப் பார்த்தது ஜெர்மனியிலுள்ள மியூனிச் நகரசபை. 2003 மே மாதத்தில், சுமார் 14,000 கம்ப்யூட்டர்களை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றுவதென்று அச்சபை தீர்மானித்தது. அதற்கு முன்பே செய்தி காதில் விழுந்து, மைக்ரோசாப்டின் தலைவராயிருந்த ஸ்டீவ் பால்மர் ஓய்வுக்குப் போயிருந்த இடத்திலிருந்து நேரே வந்து மேயர் கிறிஸ்டியன் ஊடேயைச் சந்தித்தார். விலையும் குறைக்கப்பட்டது. ஒரு நகரசபையின் ஆர்டருக்காக உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்றின் தலைவர் ஓடி வருவானேன்? ஒரு ஊர் தப்பினால் மற்ற ஊர்களுக்கும் தைரியம் வந்துவிடும் என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

வேலை 2006-ல் ஆரம்பித்து 2013-ல் ஏறக்குறைய முடிந்தது. ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று நகரசபை கணக்குக் காட்டிற்று. அப்புறம் 2014-ல் புது மேயர் வந்தார். 2016-ல் மைக்ரோசாப்டின் ஜெர்மன் தலைமை ஆபீசு நகருக்குள்ளேயே குடிவந்தது. 2017 நவம்பரில் திரும்பவும் விண்டோஸுக்கே போவதென்று சபை முடிவு செய்தது; அதற்குச் சுமார் 5 கோடி யூரோ ஆகுமென்றார்கள். ஆபீசு வந்ததற்கும் முடிவு மாறியதற்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். சம்பந்தம் உண்டென்பதற்கு நம்மிடம் ருஜு இல்லாததால் நாமும் அப்படிச் சொல்லமாட்டோம். ஆனால் ஒன்று சொல்லுவோம். அந்நகரசபையே அமர்த்திய ஆலோசனைக் கம்பெனி கொடுத்த அறிக்கையில், கோளாறு பெரும்பாலும் இயங்குதளத்தில் இல்லை, நிர்வாக அமைப்பில்தான் இருக்கிறதென்று கண்டிருந்தது. இருபதுக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர் இலாகாக்கள் ஒவ்வொன்றும் தன் இஷ்டப்படி நடந்தால் எந்த இயங்குதளம்தான் சரியாக ஓடும்? மாமியார் சண்டைக்கு அடுப்பை மாற்றின கதைதான்!

ஆனாலும் தோழர்களே, குற்றம் முழுவதும் எதிரியின் பேரில் போட்டுவிட்டுப் போவது நம் வழக்கமல்ல. மியூனிச்சில் உண்மையான கஷ்டங்கள் இருந்தன. மற்ற சர்க்கார் ஆபீசுகள் வேர்டு பைலில் அனுப்பின கடிதங்கள் இங்கே திறந்தபோது கட்டங்கள் கலைந்து போயின. விசேஷ வேலைகளுக்கான சில சாப்ட்வேர்கள் விண்டோஸில் மாத்திரமே ஓடின. உட்கார்ந்து வேலை செய்கிற குமாஸ்தாவுக்குக் கடிதம் ஒழுங்காக வர வேண்டும். சுதந்திரத்தைப் பற்றி அவரிடம் உபந்நியாசம் செய்து என்ன பிரயோஜனம்? திறந்த மூலம் என்று பெயரிட்டதனாலேயே ஒன்று நல்லதாகிவிடுமென்று நம்புவதும் குருட்டு நம்பிக்கையேயாகும்.

இதைப் புத்திசாலித்தனமாகச் செய்தவர்கள் பிரான்சு தேசத்து ஜாண்டார்மரி என்னும் போலீசுப் படையார். அவர்கள் முதலில் இயங்குதளத்தைத் தொடவேயில்லை. 2005-ல் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் கடிதமெழுதும் சாப்ட்வேரை மட்டும் ஓப்பன் ஆபீசுக்கு மாற்றினார்கள். பிறகு இன்டர்நெட் பார்ப்பதற்குப் பயர்பாக்ஸ், தபாலுக்குத் தண்டர்பேர்டு. ஆட்களின் கை இவற்றில் பழகிவிட்டது. அந்தச் சமயத்தில் மைக்ரோசாப்ட் விஸ்டா என்ற புதுசை இறக்கிற்று. எக்ஸ்பியிலிருந்து விஸ்டாவுக்குப் போனாலும் புதிதாகப் பழகத்தான் வேண்டும். அந்தப் பழக்கத்தை லினக்ஸிலேயே பழகினால் என்ன என்று கேட்டார்கள். 2008 முதல் உபுண்டு என்னும் லினக்ஸைக் கொஞ்சங் கொஞ்சமாக வைத்துவந்து, 2024-ல் ஒரு லட்சம் கம்ப்யூட்டர்களுக்கு மேல் அதிலேயே ஓட்டினார்கள். கிராமத்து ஸ்டேஷன் வரையில் துப்பாக்கி தூக்குகிற ஜவான் லினக்ஸில் ரிப்போர்ட் எழுதுகிறான். "சாதாரண ஆட்களுக்கு இது வராது" என்று இனி யார் சொல்ல முடியும்?

இதுவரை சொன்னது பணத்தைப் பற்றியது. 2025-ல் வேறொரு பயமும் சேர்ந்துகொண்டது. அவ்வருஷம் பிப்ரவரியில் அமெரிக்க சர்க்கார், ஹேக் நகரத்திலுள்ள சர்வதேசக் குற்றவியல் கோர்ட்டின் பிராசிக்யூட்டர் பேரில் தடை விதித்தது. பிறகு அவருடைய மைக்ரோசாப்ட் தபால் கணக்கு நின்றுபோனதாக மே மாதத்தில் செய்தி வந்தது. கோர்ட்டுக்குக் கொடுக்கும் சேவையை நாங்கள் நிறுத்தவில்லை என்று கம்பெனி மறுத்தது. அது எப்படியிருந்தாலும், அந்தக் கோர்ட்டு அவ்வருஷமே ஜெர்மனியில் உண்டான ஓப்பன் டெஸ்க் என்னும் திறந்த மூல ஏற்பாட்டுக்கு மாறத் தீர்மானித்துவிட்டது. ஜூன் மாதத்தில் பிரெஞ்சு செனட் கமிட்டியின் முன் மைக்ரோசாப்டின் பிரான்சு சட்ட அதிகாரியிடம், பிரெஞ்சு ஜனங்களின் தகவல்களைப் பிரெஞ்சு சர்க்காரின் சம்மதமின்றி அமெரிக்காவுக்குக் கொடுக்கமாட்டோமென்று உறுதி கூறுவீரா என்று கேட்டார்கள். பிரமாணத்தின் பேரில் அவர் "உறுதி கூற முடியாது" என்றார். அவர் யோக்கியமாகத்தான் பதில் சொன்னார். இத்தனை வருஷம் அந்தக் கேள்வியைக் கேளாமலே பணத்தைக் கட்டிவந்தவர்களைத்தான் நாம் குறை சொல்ல வேண்டும்.

கடைசியாக, ஜெர்மனியின் வடகோடியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்ற மாகாணம். 2024 ஏப்ரலில் சுமார் 30,000 கம்ப்யூட்டர்களை லிப்ரே ஆபீசுக்கும், பின்னர் லினக்ஸுக்கும் மாற்றுவதென்று அதன் மந்திரிசபை முடிவு செய்தது. 2025 அக்டோபரில் 40,000-க்கு மேற்பட்ட தபால் பெட்டிகளைத் திறந்த மூலத்துக்கு மாற்றி முடித்தார்கள். லைசென்சு வகையில் வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி யூரோ மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். மாற்றத்தின் நடுவில் தபால்கள் தாமதப்பட்டு, கோர்ட்டுகளிலிருந்து புகார்கள் வந்தன. மந்திரி டிர்க் ஷ்ரோட்டர், புதியது பழையதைவிடச் சிறந்தது என்று வாதாடிக்கொண்டிராமல், உத்தியோகஸ்தர்களுக்குக் கடிதம் எழுதி வருத்தம் தெரிவித்துக்கொண்டார். நமக்கு அந்தக் கடிதத்தின் பேரில்தான் அதிக நம்பிக்கை.

2025 முடிவில் அங்கே இயங்குதளத்தை மாற்றும் வேலையில் பெரும்பகுதியும், வரி இலாகாவில் கடித சாப்ட்வேரை மாற்றுவதும் பாக்கியிருந்தன. வரி இலாகாதான் எங்கும் கடினமான இடம். விசேஷ சாப்ட்வேர்கள் அங்கேதான் அதிகம். மியூனிச் இடறின கல்லும் அதுவே. அந்தக் கல்லை இவர்கள் எப்படித் தாண்டுகிறார்களென்று தெரிந்த பிறகு, மற்றொரு கூட்டத்தில் சொல்லுவோம். தலைவர் மணி அடித்துவிட்டார். அடுத்த தோழருக்கு இடம் விடுகிறோம்.