எந்த வழக்கறிஞரைத் தேடுவது?



பிரசவத்துக்கு அரசு மருத்துவமனைக்குப் போன நம் காலனிப் பெண் பிணமாகத் திரும்பினால் மறியலில் உட்காருகிறோம். சரிதான். மறுநாள் யாரிடம் வழக்கைக் கொடுப்பது?

1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனையை வெளியே நிறுத்திவிட்டது. சிலரிடமாவது கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் இலவச நோயாளியும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இல்லையென்றால் உரிமையியல் நீதிமன்றம், அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. முழு இலவச மருத்துவமனையின் வரிசையில் அதிகம் நிற்பது யார் என்று உங்களுக்கே தெரியும்.

இது தெரியாத வழக்கறிஞரிடம் போனால் மனு தள்ளுபடியாகும், காலமும் போய்விடும். நுகர்வோர் ஆணையத்தில் கெடு 2 ஆண்டுதான். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்ய விதியில் இடமில்லை; அதனால் நேரில் கேளுங்கள். மருத்துவ வழக்கு நடத்தியிருக்கிறீர்களா? எந்த மன்றத்துக்குப் போவீர்கள், ஏன்? கேஸ் ஷீட்டைப் படித்துக் கருத்து எழுதித் தர மருத்துவர் கிடைப்பாரா? கேஸ் ஷீட் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை.

கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12: பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. தொலைபேசி எண் 15100. யாரோ ஒருவரை ஒதுக்கினால் தலையாட்டிவிடாமல், மருத்துவ வழக்கு தெரிந்தவர் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அந்தக் கடிதத்தை எழுதவும் கூடப் போகவும் படித்த நம் பிள்ளைகள் வர வேண்டும்.

ஜெய்பீம்.