புதுமுறிவா? பழமுறிவா?

 

எலும்பு முறிந்ததெனக் காண்பது எளிது. என்று முறிந்ததெனக் காண்பதே அரிது. அகவை முதிர்ந்து எலும்பு நொய்ந்தோர்க்குக் குடத்தைத் தூக்கினாலும் முதுகின் முள்ளெலும்பு நசுங்கும். ஊடுகதிர்ப் படத்தில் அது ஆப்புப்போல் தோன்றும். ஆனால், அந்நசுங்கல் நேற்றையதா, பத்தாண்டுப் பழையதா என்பதை வடிவம் மட்டும் சொல்லிவிடாது.

பண்டுவமோ அவ்விடையைப் பொறுத்தே அமைவது. புதுமுறிவாயின் வலிநீக்கம், முதுகுக் கச்சு, தேவையாயின் எலும்பினுள் காரை செலுத்துதல். பழமுறிவாயின் வலிக்கு வேறு கரணியம் தேடவேண்டும். பிழைபட்டாலோ, ஆறிய எலும்பில் வீணே ஊசி ஏறும்; உண்மை நோய் மறைந்து வளரும்.

புதுமுறிவின் அடையாளம் எலும்புச்சோற்றில் உள்ளது. முறிந்தவுடன் கொழுப்பு நிறைந்த அச்சோற்றில் குருதியும் நீரும் கோக்கின்றன; ஆறியபின் வடிந்துவிடுகின்றன. இந்நீர்க்கோவையைக் காந்தப்படம் தெளிவாகக் காட்டும். இன்றும் அதுவே அளவுகோல். எனினும், நெஞ்சத்துடிப்புக் கருவி பொருத்தப்பெற்றோர் பலர்க்கு அதனை எளிதில் எடுத்தல் இயலாது. அதற்கு நெடுநேரமும் அசையாது படுக்கவேண்டும்.

இனி, மக்கள் 'சி.டி. இசுகேன்' என்னும் கணினி வெட்டுப்படம். 1971ஆம் ஆண்டில் இலண்டனில் முதல் நோயரை இக்கருவி படம்பிடித்தது. அதனைப் படைத்த அவுன்சுபீல்டு, கார்மாக்குடன் 1979ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். இருவேறு மின்னழுத்தங்களில் படமெடுத்துப் பொருள்களைப் பிரித்தறியலாம் என்று 1973ஆம் ஆண்டிலேயே அவர் எழுதினார். அக்கருத்தே இன்று ஈராற்றல் வெட்டுப்படமாக மலர்ந்துள்ளது.

அதன் இயக்கம் இது: வழக்கமான வெட்டுப்படத்தில் எலும்பின் சுண்ணம் நீர்க்கோவையை மறைத்துவிடுகிறது. 80 கிலோவோல்ட்டிலும் 140 கிலோவோல்ட்டிலும் ஓரிடத்தையே படமெடுத்தால், சுண்ணம் தாழ்ந்த ஆற்றற் கதிரை மிகுதியாக விழுங்குகிறது. நீரும் கொழுப்பும் அவ்வளவு மாறுபடுவதில்லை. அவ்வேறுபாட்டைக் கொண்டு கணினி சுண்ணத்தைக் கழித்துவிடுகிறது. எஞ்சும் நீர்க்கோவையை நிறமிட்டுக் காட்டுகிறது. நிறம் தோன்றின் புதுமுறிவு. தோன்றாவிடின் பெரும்பாலும் பழமுறிவு. 2010ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர்கள் அடிபட்ட முழங்காலில் இம்முறையைக் காட்டினர். பின்னர் முதுகெலும்பிலும் அது பயன்பட்டது.

இதற்கும் எல்லையுண்டு. இறுகித் தடித்த எலும்பு கணக்கைக் குழப்பும். புற்றுப் பரவலும் நீர்க்கோவைபோல் தோன்றக்கூடும். சிலர்க்கு நீர் திங்கட்கணக்கில் வடியாதிருக்கும். எனவே, முதுகைத் தொட்டு வலியிடம் அறியும் மருத்துவர் கையைக் கருவி வெல்லாது.

இத்துணையும் இவ்வவையில் தமிழிலேயே சொல்லப்பெற்றது. எச்சொல்லும் தடுக்கவில்லை. 1860களிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அயலவர்க்கு இயன்றது தமிழர்க்கு இயலாதா?

தம் முதுகில் ஊசி ஏறுமுன், 'இது புதுமுறிவா, பழமுறிவா?' என்று வினவ ஒவ்வொரு நோயர்க்கும் உரிமையுண்டு. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய அறிக்கை அவ்வுரிமையைப் பறிக்கிறது. தமிழ் மருத்துவர்களே, கருவி கண்டதை நோயர் தாய்மொழியில் எழுதித் தருக! தமிழ் மக்களே, கேட்டுப் பெறுக!

வெல்க தமிழ்!