விளைச்சலின் நடுவே பசி

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொருளியற் பாடத்தில் நாம் முதன்முதற் கற்பவை கேள்வியும் நிரம்பலுமாகும். கேள்வி குறைந்தால் விலை விழும் என்று ஆசிரியர் கூறுவார். நாமும் தாளில் ஒரு கோட்டைக் கீழ்நோக்கி இழுத்துவிட்டுப் புள்ளி பெற்றுக்கொள்வோம். அந்தக் கோடு இறங்கும்போது எவர் வீட்டு அடுப்பு அணைகின்றது என்று கேட்பதற்குப் பரீட்சைத் தாளில் இடமில்லை. அவ்வினாவுக்கு விடை தேடிய எமக்குக் கைகொடுத்தது ஒரு நாவல். அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக் 1939 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'த கிரேப்ஸ் ஒவ் றாத்' என்பது அதன் பெயர். 'சினத்தின் திராட்சைகள்' என்று அதனைத் தமிழிற் கூறலாம்.

முதலிற் சரித்திரத்தைச் சிறிது நோக்குவோம். 1929 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான வங்கிகள் கதவடைத்தன. 1933 இல் அமெரிக்கத் தொழிலாளருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் வேலையின்றி இருந்தனர். 1929 இல் இறாத்தல் ஏறக்குறைய 17 சதம் விற்ற பருத்தி, 1932 அளவில் 6 சதத்துக்கு அண்மையில் வந்து நின்றது. இம்மந்தம் அந்நாட்டோடு நின்றுவிடவில்லை. தேயிலை, இறப்பர் விலைகள் வீழ்ந்தமையால் எமது மலைநாட்டுத் தோட்டங்களிலும் வேலை குறைந்தது. தொழிலாளர் பலர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது.

அமெரிக்காவின் நடுச் சமவெளிகளிலோ துன்பம் இரட்டிப்பாயிற்று. மழை பொய்த்தது. புல்வெளியை உழுது வெறுமையாக்கிய மண் காற்றோடு எழுந்து புழுதிப் புயலாயிற்று. விளைச்சலைக் குறைத்து விலையை உயர்த்தும் நோக்கத்துடன், 1933 முதல் அரசு நிலத்தைத் தரிசாக விடுவோருக்குப் பணம் கொடுத்தது. அப்பணம் பெரும்பாலும் நிலவுடைமையாளரையே சேர்ந்தது. அவர்களுட் பலர் உழவு இயந்திரங்களை வாங்கிக்கொண்டு குத்தகைக் குடியானவரை வெளியேற்றினர். உதவிக்கென்று வந்த சட்டமே எளியவனின் குடிசையை இடிக்கும் கருவியுமாயிற்று.

ஸ்ரைன்பெக் வீட்டிலிருந்து கற்பனை செய்து எழுதியவர் அல்லர். 1936 இல் சான் பிரான்சிஸ்கோப் பத்திரிகை ஒன்றுக்காகக் கலிபோர்ணியாவின் தொழிலாளர் முகாம்களுக்கு நேரிற் சென்று கட்டுரைத் தொடர் எழுதினார். அங்கே கண்ட பசியே நாவலுக்கு வித்தாயிற்று.

கதை ஒக்லகோமா மாநிலத்து ஜோட் குடும்பத்தைப் பற்றியது. சிறையிலிருந்து வீடு திரும்பும் மகன் ரொம், வீடு வெறிச்சோடிக் கிடப்பதைக் காண்கிறான். நிலம் கைமாறிவிட்டது. இவ்விடத்தில் ஆசிரியர் ஒரு காட்சியைத் தீட்டுகிறார். குடியானவன் ஒருவன் தன் குடிசையை இடிக்க வரும் உழவு இயந்திரத்தின் முன்னே வந்து நிற்கிறான். அதனை ஓட்டுபவனோ அவனுக்குத் தெரிந்த அயலவனின் மகன். நாளுக்கு 3 டொலர் கூலிக்காக, தன் பிள்ளைகளின் வயிற்றுக்காக ஓட்டுகிறான். அவனைச் சுட்டால் இன்னொருவன் வருவான். அவனுக்குக் கட்டளையிட்டது வங்கி. வங்கிக்குக் கட்டளை வந்ததோ தொலைவிலுள்ள கிழக்கு நகரங்களிலிருந்து. அப்படியானால் யாரைத்தான் சுடுவது என்று அவன் திகைக்கிறான். கொடுங்கோல் மன்னனுக்கு ஒரு முகம் உண்டு. வட்டிக்குக் கொடுப்பவனுக்கும் ஒரு முகம் உண்டு. பொருளாதார மந்தத்துக்கு முகமே இல்லை. ஏழையின் கோபம் சென்று சேர இடமின்றித் தவிப்பதை எந்தப் புள்ளிவிபரமும் எமக்கு இவ்வாறு உணர்த்தியதில்லை.

பழைய மோட்டார் வண்டி ஒன்றை லொறியாக மாற்றி, பதின்மூவர் அதில் ஏறி 66 ஆம் இலக்கப் பெருந்தெரு வழியே கலிபோர்ணியாவுக்குப் புறப்படுகின்றனர். முன்னாட் போதகரான ஜிம் கேசியும் அவர்களுள் ஒருவர். தாத்தா வழியில் இறக்கிறார். முறையான அடக்கத்துக்குப் பணமில்லாமையால் தெருவோரத்திலேயே புதைக்கின்றனர். பாலைநிலத்தைக் கடக்கும் இரவில் பாட்டியும் இறக்கிறாள். அதனைச் சொன்னால் வண்டி நின்றுவிடும் என்று அஞ்சிய தாய், விடியும்வரை பிணத்தின் அருகே வாய்திறவாது படுத்திருக்கிறாள். வறுமை மனிதரிடமிருந்து சோற்றை மட்டுமன்று, அழுவதற்கான நேரத்தையும் பறித்துக்கொள்கிறது.

மிஷன் பாடசாலையிற் பயின்ற எமக்கு, இஸ்ரவேலர் எகிப்தை விட்டுக் கானான் நோக்கிச் சென்ற விவிலியக் கதை பழக்கமானது. இந்நாவலிலும் அதன் சாயல் உண்டு. ஆனால் இங்கே பாலும் தேனும் ஓடும் நாட்டின் வாயிலிற் காவலர் நிற்கின்றனர். வேலைக்கு ஆட்கள் தேவையென்று துண்டுப்பிரசுரம் வந்ததல்லவா? அதன் சூட்சுமத்தை வழியிற் சந்திக்கும் ஒருவன் விளக்குகிறான். தேவைப்படுவோர் 800 பேர். அச்சிடும் பிரசுரங்கள் 5,000. அவற்றைக் காண்போரோ 20,000 பேர். பசித்தவர் தொகை கூடக் கூடக் கூலி குறையும். நாம் படித்த கேள்வியும் நிரம்பலும் இவைதாம்; இங்கே நிரம்பலாக நிற்பது மனிதன்.

ஒரு பண்ணையிற் பீச் பழம் பறிக்கப் பெட்டி ஒன்றுக்கு 5 சதம் கொடுக்கப்படுகிறது. வேலைநிறுத்தம் செய்வோரை முறியடிக்கவே அக்கூலி தமக்குக் கிடைக்கிறது என்பதை ஜோட் குடும்பத்தார் முதலில் அறியார். வேலைநிறுத்தம் முறிந்ததும் கூலி இரண்டரைச் சதமாகிறது. முதல் நாள் குடும்பமே உழைத்துப் பெற்ற 1 டொலரும் பண்ணைக் கடையிலேயே கரைகிறது. அங்கே எல்லாம் வெளியிலும் விலை அதிகம். சீனி வாங்க 10 சதம் குறைகிறது. கடன் கொடுக்க அனுமதியில்லாத கடைச் சிப்பந்தி, ஈற்றில் தன் சொந்தக் காசை அதற்கென வைத்துவிடுகிறான். துன்பம் வந்தால் ஏழையிடம் போகவேண்டும், உதவுபவன் அவனே என்று தாய் உணர்கிறாள். நூல் முழுவதிலும் இந்தப் பத்துச் சதத்தைவிடப் பெரிய தொகையை நாம் காணவில்லை.

இதே காலத்தில் விலை விழாமலிருக்கத் தோடம்பழக் குவியல்களின்மீது மண்ணெண்ணெய் ஊற்றப்படுவதையும் ஆசிரியர் காட்டுகிறார். பஞ்சமென்றால் உணவின்மை என்றே நாம் எண்ணியிருந்தோம். இங்கோ உணவு மலைபோற் கிடக்கிறது. அதனை வாங்கும் காசுதான் இல்லை. விளைச்சலின் நடுவே பசி என்பது இதுவே.

இந்நூலிற் குறைகளும் உள. ஜோட் குடும்பத்தின் ஊராகிய சாலிசோ ஒக்லகோமாவின் கிழக்கே உள்ளது. கொடிய புழுதிப் புயல்கள் வீசியது மேற்கே. கலிபோர்ணிய வயல்களில் முன்னரே உழைத்த மெக்சிக்கரும் பிலிப்பீனரும் இதில் முகங்காட்டுவது அரிது. மந்தகாலத்தில் மெக்சிக்கர் பெருந்தொகையாக நாட்டைவிட்டு அனுப்பப்பட்ட துயரத்துக்கு வேறு நூல்களைத்தான் நாடவேண்டும். ஆகவே நாவலைச் சரித்திரத்தோடு ஒப்புநோக்கிப் படித்தல் வேண்டும். எனினும் அதன் உண்மை சிலரைச் சுட்டது. கதை நிகழும் கேர்ண் மாவட்ட நிருவாகம் 1939 ஆகஸ்டில் நூலகங்களிலும் பாடசாலைகளிலும் இதற்குத் தடை விதித்தது. 1940 இல் இந்நூல் புலிற்சர் பரிசு பெற்றது. 1962 இல் ஆசிரியர் நோபல் பரிசு பெற்றார்.

தாயின் கவலை தொடக்கத்தில் ஒன்றே: குடும்பம் சிதறக்கூடாது. ஆனால் குடும்பம் சிதறுகிறது. சிலர் இறக்கின்றனர், சிலர் விட்டு ஓடுகின்றனர், கேசி கொல்லப்படுகிறார், ரொம் தலைமறைவாகிறான். எஞ்சியவர் வெள்ளத்துக்குத் தப்பி ஒரு களஞ்சியத்தில் ஒதுங்குகின்றனர். அங்கே முன்பின் அறியாத ஒருவர் பட்டினியால் உயிர்போகும் நிலையிற் கிடக்கிறார். தன் சிசுவை இழந்த மகள் றோஸ் ஒவ் ஷரன், அவருக்குத் தன் பாலைக் கொடுத்து உயிர் காக்கிறாள். பதிப்பாளர் இம்முடிவை மாற்றும்படி கேட்டும் ஸ்ரைன்பெக் இணங்கவில்லை. அவர் செய்தது சரியென்றே நாம் கருதுகிறோம். 'என் வீடு' என்று தொடங்கிய கதை, வீடே இல்லாத இடத்தில் 'நாம்' என்று முடிகிறது. முகமில்லாத துன்பத்துக்கு எதிரே மனிதன் வைக்கக்கூடியது, பக்கத்தில் நிற்பவனின் முகத்தைப் பார்ப்பதுதான்.

அன்பர்களே, விலைவீழ்ச்சிக் கோட்டை நாம் இனியும் வரைவோம், பரீட்சை எழுதவேண்டுமல்லவா? ஆனால் வரையும்போது, பத்துச் சதம் குறைந்து கடை வாயிலில் நின்ற அந்தத் தாயையும் நினைப்போம். படித்தவன் என்ற பெயருக்கு அத்துணையாவது நாம் கடமைப்பட்டுள்ளோம்.