ஊருக்குப் போகும் வழியில் ஓட்டம்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு கலகலப்பு வந்துவிடும். தெலுக் பங்லிமா காராங்கில் குடியிருக்கும் குடும்பம், கெடாவில் இருக்கும் தாத்தா பாட்டியைப் பார்க்கப் புறப்படும். பாய், தலையணை, முறுக்கு டின், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் காரில் ஏறிவிடும். ஒன்றே ஒன்று மட்டும் பெரும்பாலும் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது. அதுதான் நாள்தோறும் காலையில் ஓடுவதற்கு நாம் போடும் சப்பாத்து.

“பத்து நாள் ஓடாவிட்டால் என்ன, குடியா முழுகிப் போய்விடும்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் நம் உடம்பின் கதையைப் பார்ப்போம். நம் முன்னோர் பால்மரம் வெட்டிய காலத்தில், பெரட்டு முடிந்ததும் இருட்டிலேயே நிரைக்குப் போனார்கள். நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்தார்கள். பிறகு பால் எடுக்க மறுபடியும் அதே நிரையில் நடந்தார்கள். தோளில் காண்டா தூக்கினார்கள். அவர்களுக்குத் தனியாக ஓட்டம் தேவைப்படவில்லை. இன்று நம்மில் பலர் தொழிற்சாலையில் ஒரே இடத்தில் நின்று வேலை செய்கிறோம்; லாரி ஓட்டுகிறோம்; பாதுகாவலர் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறோம். வேலை மாறிவிட்டது, சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை.

அதன் விளைவைக் கணக்கே சொல்கிறது. 2019ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியரிடையே மட்டும் பார்த்தால் அது நூற்றுக்கு 31 பேர்! மூன்று பேர் உட்கார்ந்து பேசினால், அதில் ஒருவர் சர்க்கரை நோயாளி என்று சொல்லும் அளவுக்கு நிலைமை இருந்தது. கால் விரலை இழந்தவர், கண் பார்வை மங்கியவர், வாரம் மூன்று முறை சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் ஆகியோரை நாம் எல்லாரும் நம் உறவிலேயே பார்த்திருக்கிறோம்.

இதில் ஓட்டம் என்ன செய்யும்? நாம் உண்ணும் சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. கால் தசைகள் வேலை செய்யும்போது அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. ஓடி முடித்த பிறகும் ஒரு நாள், மிஞ்சிப் போனால் இரண்டு நாள் வரை தசைகளுக்கு அந்தச் சுறுசுறுப்பு இருக்கும். பிறகு குறைந்துவிடும். நேற்றைய குளியல் இன்றைக்கு உதவாதது போலத்தான் இதுவும். அதனால்தான் நீரிழிவு உள்ளவர்கள் உடற்பயிற்சியில் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இப்போது பாருங்கள்: பத்து நாள் விடுமுறை, பத்து நாளும் விருந்து, பத்து நாளும் கால்களுக்கு ஓய்வு! இது சிறிய இடைவெளியா? அதோடு இரண்டு வாரம் அடியோடு நிறுத்தினால், மாதக்கணக்கில் பழக்கிய மூச்சும் குறையத் தொடங்கும். வீடு திரும்பியதும் ஓட்டம் கடினமாகத் தெரியும். “நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப் போடுவோம். அந்த நாளை வராமலே போய்விடும்.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றே. பயணத்தில் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் நாற்பது நிமிடம் ஓடுகிறவர், ஊரில் இருபது நிமிடம் ஓடினால் போதும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி, அல்லது 75 நிமிடக் கடுமையான பயிற்சி வேண்டும் என்கிறது. பிள்ளைகளுக்கோ நாள்தோறும் ஒரு மணி நேரம். எந்த வேகத்தில் ஓடுவது? பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஓரிரு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை எளிதில் உலராது. உடம்புச் சூடும் எளிதில் தணியாது. ஆகவே குளிர்நாட்டவரைப் பார்த்து வேகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி வழியைப் பார்ப்போம். 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஒரே நாளில் கெடா போய்ச் சேரலாம். அவசரம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நம் தெலுக் பங்லிமா காராங்கைத் தொட்டுக்கொண்டு போகிறதே ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை, அது கிள்ளான், காப்பார், கோல சிலாங்கூர் என்று கரையோரமாகவே வடக்கே போகிறது. வழியில் இரண்டு இரவு தங்கிப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள், புறப்படும் முன்பே நம் இடத்தில் இருபது நிமிடம் ஓடிவிட வேண்டும். அன்றைய கடன் அத்தோடு தீர்ந்தது. கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி குன்று இருக்கிறது. 1784இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றிய கோட்டை அங்கேதான் இருந்தது. 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. உட்கார்ந்து மரத்துப் போன கால்களுக்கு அந்த ஏற்றம் நல்ல மருந்து. பிள்ளைகளுக்கு அங்கே குரங்குகளும் உண்டு. கையில் முறுக்கை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்! பிறகு தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்வெளி, சபாக் பெர்ணம் எல்லாம் தாண்டி, பெர்ணம் ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலம். இரவு தெலுக் இந்தானில் தங்கலாம். 1982 வரை தெலுக் ஆன்சன் என்று நாம் சொல்லி வந்த அதே ஊர்தான்.

இரண்டாம் நாள் காலை தெலுக் இந்தானில் ஓட்டம். ஊர் சமதளம், முழங்காலுக்குத் தொல்லை இல்லை. 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தைச் சுற்றி வரலாம். உள்ளே தண்ணீர்த் தொட்டி, அடியில் இளகிய மண். அதனால்தான் கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அடித்தளம் உறுதியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

மூன்றாம் நாள் காலை தைப்பிங். ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களை 1880ஆம் ஆண்டு முதல் பூங்காவாக மாற்றினார்கள். ஏரிக்கரையில் தூங்குமூஞ்சி மரங்கள் தண்ணீரைத் தொடுவது போலக் கிளை தாழ்த்தி நிற்கின்றன. அந்த நிழலில் ஓடுவது ஒரு சுகம். மழைக்குப் பெயர் போன ஊர் அது. பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை. ஆகவே காலையிலேயே ஓடிவிடுங்கள். இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

அன்று மாலைக்குள் சுங்கைப்பட்டாணி வட்டாரத்துக்குப் போய்விடலாம். ஜெராய் மலையடிவாரத்தில் மெர்போக் அருகே பூஜாங் பள்ளத்தாக்குச் சண்டிகள் இருக்கின்றன. கடாரம் என்று சோழர் கல்வெட்டுகள் குறிப்பிடும் நாடு இதுதான். ராஜேந்திர சோழனின் கடற்படை வந்தது 1025ஆம் ஆண்டில். ஆயிரம் ஆண்டுப் பழைய மண்ணில் பிள்ளைகளை ஓட வைத்தோம் என்ற பெருமையும் நமக்குச் சேரும்.

நேயர்களே, புதிய இடத்தில் ஓடும்போது சில எச்சரிக்கைகள் அவசியம்.

நம் நாட்டுக் கடிகாரத்தை 1982 ஜனவரி முதல் தேதி அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதனால் மேற்குக் கரையில் சூரியன் உதிக்கும்போது மணி ஏழாகிவிடுகிறது. ஆறு மணி என்பது இருட்டு. பழகாத சாலையில் இருட்டில் ஓட வேண்டாம். வெளிச்சம் வரட்டும். சாலையில் ஓட வேண்டியிருந்தால் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். வெளிர்நிறச் சட்டை போடுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்தால் ஓரத்தில் நின்றுவிடுங்கள். செம்பனைக் காட்டில் எலி அதிகம். எலி இருக்கும் இடத்தில் நாகமும் இருக்கும். புல்லில் இறங்காமல் மண்சாலையிலேயே ஓடுங்கள். நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, மெல்லப் பின்வாங்குங்கள்.

மே மாதம் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரையில் மழை குறையும் காலம். அப்போதுதான் புகைமூட்டமும் வரும். காற்றின் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100க்கு மேல் போனால் காற்று உடம்புக்கு ஆகாது. அன்று வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி செய்யுங்கள்.

நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். வெறுங்காலில் ஓட வேண்டாம். ஓடி வந்ததும் பாதத்தில் கொப்புளமோ கீறலோ இருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சு வலி, தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கார் ஓட்டுகிறவருக்கு ஒரு சொல்: ஓட்டத்தைவிடத் தூக்கம் முக்கியம். இரவு வெகுநேரம் கண் விழித்தவர் காலையில் ஓட வேண்டாம்; தூங்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி, எல்லாரும் இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும்.

ஊருக்குப் போன பின் வேறொரு சிக்கல் வரும். அத்தை கேட்பார்:

“ஏம்பா, வயசுக்கு வந்த பொண்ண ரோட்டுல ஓட விடுறியே, ஊரு என்ன சொல்லும்?”

“தனியா விடல அத்தை, நானும் கூடத்தான் ஓடுறேன். நம்ம ராஜமணி ஓடினப்பவும் ஊரு பார்த்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஜெயிச்சதும் அதே ஊருதான் கை தட்டுச்சு.”

ஆமாம், எம். ராஜமணி 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர். அதே ஆண்டு நாட்டின் தலைசிறந்த விளையாட்டு வீராங்கனை என்ற விருதையும் பெற்றார். அதே பாங்காக்கில் மணி ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார். அந்தப் பெண்மணி ஓடியது சரியென்றால் நம் வீட்டுப் பெண் ஓடுவதும் சரிதான். நீரிழிவு ஆண், பெண் பார்த்து வருவதில்லையே!

“எனக்கு முழங்கால் வலி, ஓட முடியாது” என்று தாத்தா சொல்வார். அவரை ஓடச் சொல்ல வேண்டாம், நடக்கட்டும். 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் நமக்குத் தங்கம் வாங்கித் தந்தது நடைப் போட்டியில்தான். 50 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்கு மேல் நடந்தார். நடையைக் குறைவாக எண்ண வேண்டாம்.

தாத்தாவோடு சேர்ந்து போவதில் இன்னொரு பயனும் உண்டு. பால்மரக் காடு பல இடங்களில் செம்பனையாகிவிட்டது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. லயம் இருந்த இடம் எது, பெரட்டுக்களம் எது, பள்ளிக்கூடம் எது என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். காரில் போனால் அந்த இடங்கள் ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். தோட்டத்து வாசலில் அனுமதி கேட்டு, தாத்தா முன்னே நடக்க, பிள்ளைகள் கோயில் வரை ஓடிப் போய்த் திரும்பி வரட்டும். “இங்கேதான் உங்க பாட்டி பால் நிறுத்தாங்க” என்று அவர் கைகாட்டுவார். கால் பட்ட இடம் மனத்தில் நிற்கும். கண்ணாடி வழியாகப் பார்த்த இடம் நிற்காது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். நாளுக்கு இருபது நிமிடம் சிறியதுதான்; ஆனால் நாள்தோறும் என்பது பெரியது. நம் குடும்பங்களை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு நோய்க்கு எதிராக, காசு செலவில்லாமல் நம் கையில் இருக்கும் கருவி இது. அடுத்த விடுமுறைக்கு மூட்டை கட்டும்போது, ஒவ்வொருவருடைய சப்பாத்தையும் முதலில் எடுத்து வையுங்கள். ஒரு நாள் மழையாலோ களைப்பாலோ தவறிப் போனால் கவலைப்பட வேண்டாம். மறுநாள் தவறவிடாதீர்கள்.

உங்கள் பயணம் நலமாக அமையட்டும்.